யார் யாரைப் பார்க்கிறார்கள்? வேலையிடத்தில் சங்கம் உருவாவதும் உருவாகாமல் போவதும்

லண்டனில் ஊபர் ஓட்டுபவரும் கலிபோர்னியாவில் ஊபர் ஓட்டுபவரும் செய்வது ஒரே வேலை. இருவர் போனிலும் ஒரே செயலிதான். ஆனால் 2021 பிப்ரவரி 19 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு லண்டன்காரருக்குக் குறைந்தபட்சக் கூலியும் சம்பளத்தோடு விடுப்பும் உரிமையாகிவிட்டன. அந்த மே மாதமே ஜிஎம்பி தொழிற்சங்கத்தை நிறுவனம் அங்கீகரித்தது. கலிபோர்னியாவில் நடந்தது நேரெதிர். 2020 நவம்பரில் செயலி நிறுவனங்கள் 20 கோடி டாலர் அளவுக்குச் செலவழித்துப் பிரசாரம் செய்தன. மாநில வாக்கெடுப்பில் வாக்காளர்கள் 22ஆம் முன்மொழிவை நிறைவேற்றினார்கள். அதன்படி ஓட்டுநர் ஊழியர் இல்லை, தனி ஒப்பந்ததாரர் என்று ஆனார்.

இப்படிப்பட்ட செய்திகள் அடுத்தடுத்து வரும்போது குழப்பம் வருவது இயல்பு. தொழில்நுட்பம் வந்ததும் சங்கங்களின் காலம் முடிந்துவிட்டது என்கிறார்கள் சிலர். ஆளுக்கொரு போனும் வாட்ஸ்அப் குழுவும் இருப்பதால் இனித் திரள்வது எளிது என்கிறார்கள் வேறு சிலர். இரு தரப்பும் கருவிக்கு இல்லாத பலத்தை அதற்குக் கொடுக்கின்றன.

புதுக் கருவி ஒன்று வேலையிடத்துக்குள் நுழைந்ததும் முதலில் மாறுவது பார்வை: யாரால் யாரைப் பார்க்க முடிகிறது, யார் யார் கண்ணில் படாமல் போகிறார்கள் என்பது. கண்ணில் படுகிற சக தொழிலாளியை 'நம்ம ஆள்' என்று எண்ணுகிறோமா என்பது பண்பாட்டின் கையில் இருக்கிறது. அப்படி எண்ணிச் சேர்ந்தவர்கள் பேசினால் நிர்வாகம் காது கொடுத்தாக வேண்டுமா என்பது அதிகாரத்தின் கையில். இவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக் கணக்குப் போடும்போதுதான் கணிப்புகள் பிசகுகின்றன.

முதலில் மூன்று சொற்கள்

1. சங்கம் கட்டுதல்: உறுப்பினர் சீட்டு கொடுப்பதும் கொடி ஏற்றுவதும் கடைசியில் வருபவை. அதற்கு முன் மாதக்கணக்கில் நடப்பது, ஒருவர் இன்னொருவரிடம் 'உனக்கும் இப்படித்தானா?' என்று கேட்பது. அந்தக் கேள்வியைக் கேட்க ஓர் இடமும் கொஞ்சம் நேரமும் வேண்டும். கேட்டது மேலே போகாது என்ற நம்பிக்கையும் வேண்டும்.

2. கூட்டுப் பேரம்: தொழிலாளர் ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சம்பளம் பேசாமல் எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒப்பந்தம் பேசுவது. இதில் சட்டச் சிக்கல் ஒன்று இருக்கிறது. தொழிலாளர்கள் சேர்ந்து கூலி பேசினால் அதற்குப் பெயர் கூட்டுப் பேரம். தனி வணிகர்கள் சேர்ந்து கட்டணம் பேசினால் பல நாடுகளில் அது போட்டிச் சட்டத்தை மீறிய விலைக் கூட்டு. ஓட்டுநரை 'கூட்டாளி', 'ஒப்பந்ததாரர்' என்று நிறுவனங்கள் அழைப்பதில் மரியாதை மட்டும் இருப்பதாக நினைக்க வேண்டாம். அந்தப் பெயர் நின்றுவிட்டால் சேர்ந்து பேசுவதே குற்றமாகிவிடலாம்.

3. அல்காரிதம் வழி மேலாண்மை: யாருக்கு எந்த ஷிப்ட், எந்த ஆர்டர், யாருடைய ஐடியை நிறுத்துவது என்பதையெல்லாம் சூப்பர்வைசருக்குப் பதில் ஒரு மென்பொருள் முடிவு செய்வது. தொழிலாளியின் ஒவ்வொரு அசைவும் அதற்குத் தெரியும். அது எப்படி முடிவெடுக்கிறது என்பது தொழிலாளிக்குத் தெரியாது.

ஸ்டாப் வாட்ச் வந்த நாள்

இந்த ஒருதலைப் பார்வைக்கு வயது நூற்றுக்கு மேல். பிரடெரிக் டெய்லர் என்ற பொறியாளர் ஒவ்வொரு வேலையையும் சிறு சிறு அசைவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை வினாடி என்று அளந்து, அதை வைத்து டார்கெட்டும் கூலியும் வகுக்கும் முறையைப் பரப்பினார். 1911 ஆகஸ்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், வாட்டர்டவுன் என்ற இடத்திலிருந்த ராணுவத் தளவாட ஆலைக்கு அந்த முறை வந்தது. வார்ப்புப் பட்டறையில் ஒரு தொழிலாளி, தன்னைக் கடிகாரம் வைத்து அளக்கக் கூடாது என்று மறுத்தார். அவரை வேலையைவிட்டு நீக்கியதும் வார்ப்புத் தொழிலாளர்கள் வெளியேறினார்கள்.

சம்பளம் குறைந்ததால் வந்த சண்டை இல்லை இது. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது அதுவரை தொழிலாளர் கையிலிருந்த அறிவு. அந்த அறிவை வைத்துத்தான் அவர்கள் பேரம் பேசினார்கள். கடிகாரம் அதை அவர்களிடமிருந்து எடுத்து நிர்வாகத்தின் நோட்டுப் புத்தகத்தில் எழுதியது. விஷயம் நாடாளுமன்றம் வரை போய், 1915இல் அரசு ஆலைகளில் ஸ்டாப் வாட்ச் வைக்க நிதி ஒதுக்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதினார்கள். அந்தத் தடை 1949 வரை இருந்தது. தனியார் ஆலைகளில் அதே கடிகாரம் தங்குதடையின்றி ஓடிக்கொண்டிருந்தது. கருவி ஒன்றுதான், அரசு முதலாளியாக இருந்த இடத்தில் வாக்குச் சீட்டு வழியே எட்டிய கை, தனியார் ஆலையின் வாசலைத் தாண்டவில்லை.

ஓரிடம் நின்றால் எல்லாம் நிற்கும்

பெரும் ஆலையும் அசெம்ப்ளி லைனும் தொழிலாளரை அடிமைப்படுத்தின என்பது உண்மை. ஆயிரக்கணக்கானோரை ஒரே கூரையின் கீழ் நிறுத்தி ஒருவரையொருவர் பார்க்க வைத்ததும் அவைதான். அதோடு, ஒரு பகுதி நின்றால் மொத்த ஓட்டமும் நின்றுபோகும் அமைப்பையும் கொண்டுவந்தன.

மிச்சிகன் மாநிலத்தின் பிளின்ட் நகரில் 1936 டிசம்பர் 30 அன்று ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்கள் வெளியேறாமல் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த இடத்தைக் கவனிக்க வேண்டும்: காரின் உடற்பகுதியை அச்சிடும் பெரும் வார்ப்பச்சுகள் இருந்த ஆலை. அப்படிப்பட்ட அச்சுகள் அந்நிறுவனத்திடம் விரல்விட்டு எண்ணும் இடங்களில்தான் இருந்தன. பிப்ரவரி 1 அன்று வேறோர் ஆலையில் கலவரம் போலப் போக்குக் காட்டி, நிர்வாகத்தின் கவனம் அங்கே போயிருந்த நேரத்தில் செவ்ரோலெட் இன்ஜின் ஆலையைப் பிடித்தார்கள். 44 நாள் கழித்து, 1937 பிப்ரவரி 11 அன்று நிறுவனம் சங்கத்தை அங்கீகரித்தது.

இதைப் படித்துவிட்டு 'இயந்திரமே தொழிலாளருக்கு வெற்றி தந்தது' என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஆலையைக் காலி செய்யச் சொல்லி நீதிமன்ற உத்தரவு இருந்தது. ஆளுநர் பிராங்க் மர்பி படையை வரவழைத்தார். தொழிலாளரை வெளியேற்ற அதைப் பயன்படுத்த மறுத்தார். வேறோர் ஆளுநர் இருந்திருந்தால் அதே அச்சு, அதே இன்ஜின் ஆலை, முடிவு வேறாகியிருக்கலாம். 1939இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் உள்ளிருப்புப் போராட்டத்தின் சட்டப் பாதுகாப்பை நீக்கியது. கருவி திறந்த கதவை அதிகாரம் மூடியது.

நிறுத்தும் இடம் நிரந்தரமும் இல்லை. லண்டன் நாளிதழ் அச்சுத் தொழிலாளருக்கு அந்த இடம் நீண்ட காலம் இருந்தது. காலையில் விற்காத நாளிதழ் மதியம் பழைய பேப்பர். 1986 ஜனவரியில் நியூஸ் இன்டர்நேஷனல் நிறுவனம் கணினி அச்சுக்கோப்போடு லண்டனின் வாப்பிங் பகுதியில் தயாராக வைத்திருந்த புதிய அச்சகத்துக்கு மாறி, வேலைநிறுத்தம் செய்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரை நீக்கியது. கணினியைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள். லாரியைப் பற்றிக் குறைவாகவே எழுதினார்கள். ரயில்வே சங்கங்கள் பேப்பர் கட்டை ஏற்ற மறுக்கலாம் என்று கணக்கிட்டு, விநியோகத்தை ரயிலிலிருந்து சாலைக்கு மாற்றியிருந்தது நிர்வாகம். தொழிலாளர் ஓராண்டு வாசலில் நின்றார்கள். 1987 பிப்ரவரியில் போராட்டம் தோற்று முடிந்தது.

'பிராங்க்' என்ற மேலாளர்

இன்று டெலிவரி வேலையில் கூரை இல்லை, லைன் இல்லை. இத்தாலியில் டெலிவரூ நிறுவனம் பயன்படுத்திய அல்காரிதத்துக்கு 'பிராங்க்' என்று பெயர். திங்கட்கிழமை தோறும் அடுத்த வாரத்துக்கான வேலை நேர ஸ்லாட் திறக்கும். ரேட்டிங் உயர்ந்தவர்களுக்குக் காலை 11 மணிக்கு, அடுத்தவர்களுக்குப் பிற்பகல் 3 மணிக்கு, மீதிப் பேருக்கு மாலை 5 மணிக்கு. ஐந்து மணிக்கு உள்ளே வருபவருக்கு நல்ல நேரம், நல்ல பகுதி எதுவும் மிச்சமிருக்காது. பதிவு செய்த ஸ்லாட்டை 24 மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்யாமல் வேலைக்கும் வராவிட்டால் 'நம்பகத்தன்மை' மதிப்பெண் சரியும். அடுத்த திங்கள் நீங்கள் ஐந்து மணி வரிசையில் இருப்பீர்கள்.

ஒருவர் ஏன் வரவில்லை என்று பிராங்க் கேட்டதே இல்லை. காய்ச்சலா, குழந்தைக்கு உடம்பு சரியில்லையா, வேலைநிறுத்தமா என்ற வேறுபாடு அதற்குத் தெரியாது. ஆக, வேலைநிறுத்தத்தில் சேர்ந்தால் எந்த அதிகாரியும் மெமோ கொடுக்காமலே தண்டனை வந்துசேரும். கோபப்பட எதிரே ஒரு முகம்கூட இருக்காது. 2020 டிசம்பர் 31 அன்று பொலோனியா நீதிமன்றம் இதைப் பாகுபாடு என்று தீர்ப்பளித்து, வழக்குத் தொடுத்த சங்கங்களுக்கு 50,000 யூரோ இழப்பீடு வழங்கச் சொன்னது. பாகுபாடு காட்ட எண்ணம் இருந்தாக வேண்டியதில்லை, காரணத்தைப் பார்க்க மறுக்கும் கண்ணே போதும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். என் பார்வையில், அல்காரிதம் பற்றி இதுவரை வந்த தீர்ப்புகளில் தொழிலாளர் இயக்கம் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டியது இதுதான்.

அமேசான் கிடங்கில் கூரை இருக்கிறது, ஆயிரக்கணக்கான ஆட்கள் இருக்கிறார்கள், ஆனாலும் பேச முடிவதில்லை. கையிலுள்ள ஸ்கேனர் சும்மா இருந்தால் அந்த நேரமும் கணக்கில் ஏறும். நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவுக் கிடங்கில் சங்கம் கட்டியவர்கள், ஷிப்ட் முடிந்து ஆட்கள் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நிறுத்தத்தில் கூடாரம் போட்டு, சாப்பாடு வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்கேனர் எட்டாத இடம் அதுதான். 2022 ஏப்ரல் 1 அன்று எண்ணப்பட்ட வாக்குகளில் சங்கத்துக்கு 2,654, எதிராக 2,131. சமூக ஊடகம் உதவியது, மறுப்பதற்கில்லை. ஆனால் முதல் நம்பிக்கை பிறந்தது ஒரு பஸ் நிறுத்தத்தில்.

நாடாவும் எச்சிலும்

இனி, பக்கத்தில் நிற்பவரைப் பார்த்தும் பார்க்காமலிருப்பது பற்றி. பண்பாடு என்றால் பண்டிகை, உடை என்று நினைத்து இந்தப் பகுதியைத் தாண்டிப் போகிறவர்கள் உண்டு. தோல்விகளில் பாதி இங்கேதான் விதைக்கப்படுகிறது.

பம்பாய்ப் பஞ்சாலைகளின் நெசவுக் கூடத்தில், தறியில் குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் நாடாவுக்குள் தார் (நூல் சுற்றிய குச்சி) தீர்ந்ததும் புதுத் தார் போட வேண்டும். நூலின் நுனியை நாடாவின் கண் வழியே வெளியே இழுக்க, தொழிலாளர் நாடாவில் வாய் வைத்து உறிஞ்சுவார்கள். ஒரு நாடா பல வாய்களைப் பார்க்கும். தாழ்த்தப்பட்ட சாதியினர் வாய் வைத்த நாடாவில் தாங்கள் வாய் வைக்க மாட்டோம் என்றார்கள் சாதி இந்துத் தொழிலாளர்கள். விளைவு, கூலி அதிகமுள்ள நெசவுக் கூடத்தில் தலித்துகளுக்கு இடமில்லை. கூலி குறைந்த நூற்புப் பிரிவில்தான் வேலை. 1928இல் ஆறு மாதம் நீடித்த பம்பாய்ப் பொது வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதை நேரடியாகக் கேட்டார்: கூலிக்காக ஒன்றுபடுங்கள் என்று சொல்லும் சங்கம், தன் உறுப்பினரே போட்ட இந்தத் தடையைப் பற்றி என்ன சொல்கிறது? தலித்துகளுக்கு நெசவுக் கூடத்தைத் திறந்துவிட வேண்டும் என்பதும் கோரிக்கைகளில் ஏறியது அவர் வற்புறுத்திய பிறகுதான்.

வாயால் உறிஞ்சத் தேவையில்லாத நாடா அன்றே உலகில் இருந்தது. நோய் பரவுகிறது என்று வாயுறிஞ்சு நாடாவை மாசசூசெட்ஸ் 1911இலேயே தடை செய்திருந்தது. வாட்டர்டவுனில் கடிகாரத்தை எதிர்த்து வெளியேறிய அதே மாநிலம், அதே ஆண்டு. ஆக, ஒரு மலிவான கருவி சாதிக்கு உள்ளே வர வாசல் வைத்தது, சாதி சங்கத்தை இரண்டாகப் பிளந்தது, பிளவின் லாபம் முதலாளிக்குப் போனது.

சென்னையில் இதன் விலை இன்னும் கொடூரமாக இருந்தது. 1918 ஏப்ரல் 27 அன்று தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்தியாவின் முதல் நவீனத் தொழிற்சங்கங்களில் ஒன்று, பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் அதன் முகங்கள். 1921இல் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் மோதல் வெடித்தது, குடிசைகள் எரிந்தன, வேலைநிறுத்தம் தோற்றது. இதைக் 'கருங்காலித்தனம்' என்ற ஒரே சொல்லால் முடித்துவிடுவது அநியாயம். அன்றாடம் தன்னைத் தள்ளி நிற்கச் சொல்பவரோடு சேர்ந்து பட்டினி கிடக்க ஒருவர் ஏன் முன்வர வேண்டும் என்ற கேள்விக்குச் சங்கத்திடம் அன்று பதில் இல்லை.

ஒரே ஆலை, மூன்று வாக்கெடுப்பு

கருவி மாறாமலே முடிவு மாறுவதற்குத் தெளிவான சான்று அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், சட்டனூகா நகரின் வோல்க்ஸ்வாகன் ஆலை. அமெரிக்கக் கார்த் தொழிலாளர்களின் யூஏடபிள்யூ சங்கம் அங்கே மூன்று முறை வாக்கெடுப்பைச் சந்தித்தது.

2014: ஆதரவு 626, எதிர்ப்பு 712.
2019: ஆதரவு 776, எதிர்ப்பு 833.
2024: ஆதரவு 2,628, எதிர்ப்பு 985.

2014இல் நிர்வாகம் எதிர்க்கவே இல்லை. எதிர்த்தது மாநில அரசியல்வாதிகள். சங்கம் வந்தால் ஆலைக்கான அரசுச் சலுகை கிடைக்காமல் போகலாம் என்று வெளிப்படையாகவே பேசினார்கள். சங்கம் என்றால் 'வடக்கத்தியர் சமாச்சாரம்' என்ற எண்ணமும் அந்தத் தென்பகுதியில் வேரோடியிருந்தது. இடையில் நடந்தது 2023இன் ஆறு வார வேலைநிறுத்தம்: அதே சங்கம் மூன்று பெரும் கார் நிறுவனங்களிடமும் ஒப்பந்தக் காலத்தில் 25 சதவீத அடிப்படைச் சம்பள உயர்வு வாங்கியது. சட்டனூகா தொழிலாளர்கள் முதல் முறையாகத் தங்களைப் போன்றவர்கள் ஜெயிப்பதைப் பார்த்தார்கள்.

சட்டம் எங்கே கை வைக்கிறது

அதிகாரம் என்றதும் போலீஸும் தடியும் நினைவுக்கு வரும். பெரும்பாலும் அது சலிப்பூட்டும் விதிகளாகத்தான் இருக்கும்.

1. பேசும் வழி. ஆபீஸ் ஈமெயிலில் ஊழியர்கள் சங்கம் பற்றிப் பேசலாம் என்று அமெரிக்கத் தேசியத் தொழிலுறவு வாரியம் 2014இல் முடிவு செய்தது. 2019இல் அதே வாரியம் அதை மாற்றியது. இடையில் மாறியது வாரிய உறுப்பினர்களை நியமிக்கும் அதிபர்.

2. அடுத்த ஆலையின் தோள். ஒருவர் போராட்டத்துக்கு இன்னொரு துறையினர் ஆதரவாக வேலை நிறுத்துவதை அமெரிக்கா 1947இலும் பிரிட்டன் 1990இலும் முடக்கின. சுவீடனில் அது சட்டப்படி சரி. அங்கே டெஸ்லா பணிமனைகளின் நூற்றுச் சொச்சம் மெக்கானிக்குகள் 2023 அக்டோபர் 27 அன்று கூட்டு ஒப்பந்தம் கேட்டு வேலையை நிறுத்தினார்கள். துறைமுகத் தொழிலாளர் டெஸ்லா கார்களை இறக்க மறுத்தார்கள். தபால் ஊழியர்கள் புதுக் கார்களுக்கான நம்பர் பிளேட்டைக் கொண்டுபோய்க் கொடுக்க மறுத்தார்கள். மென்பொருள் மிகுந்த காருக்கு ஒரு தகடு சிக்கலானது. சுவீடனில் சட்டம் வகுத்த குறைந்தபட்சக் கூலி இல்லை. ஏறக்குறைய பத்தில் ஒன்பது தொழிலாளருக்கு ஒப்பந்தம்தான் கூலியைத் தீர்மானிக்கிறது. அதனால் ஒரு நிறுவனம் ஒப்பந்தத்தை மறுப்பதைத் தபால்காரர் தன் வீட்டுச் சுவரில் விழுந்த விரிசலாகப் பார்க்கிறார். இரண்டு ஆண்டு கடந்தும் டெஸ்லா கையெழுத்திடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

3. கண்காணிப்புக் கருவிக்கு முன் அனுமதி. ஜெர்மனியின் 1972ஆம் ஆண்டு வேலையிட அமைப்புச் சட்டத்தின் 87ஆம் பிரிவு, ஊழியரின் நடத்தையையோ உழைப்பையோ கண்காணிக்கும் தொழில்நுட்பக் கருவியைக் கொண்டுவருவதில் ஊழியர்கள் தேர்ந்தெடுக்கும் ஊழியர் மன்றத்துக்கு, நிர்வாகத்தோடு சேர்ந்து முடிவெடுக்கும் உரிமை தருகிறது. மன்றம் இருக்கும் இடத்தில், ஒரு மென்பொருளை நிறுவும் முன்பே பேச்சு நடந்தாக வேண்டும். கருவி வந்து ஆண்டுகள் கழித்து நீதிமன்றம் போன இத்தாலியத் தொழிலாளரோடு ஒப்பிட்டால், இந்த ஒற்றைப் பிரிவின் பெறுமதி புரியும்.

ஸ்டேட்டன் தீவிலும் இந்த விதிகளின் கனம் தெரிந்தது. வாக்கெடுப்பில் ஜெயிப்பது சங்கத்துக்கு அங்கீகாரம் தரும். ஒப்பந்தம் தராது. அமெரிக்கச் சட்டம் நிர்வாகத்தை 'நல்லெண்ணத்தோடு பேச' மட்டுமே கட்டாயப்படுத்துகிறது. வழக்கு மேல் வழக்காகக் காலத்தை நகர்த்தும் பலம் பணம் உள்ளவருக்கு உண்டு. வாக்கு எண்ணி ஆண்டுகள் போயும் அங்கே ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை. ஆட்கள் அடிக்கடி மாறும் கிடங்கில் காலமே நிர்வாகத்தின் ஆயுதம்: வாக்களித்தவர்களில் பலர் இன்று அங்கே வேலையிலேயே இருக்க மாட்டார்கள்.

2026 டிசம்பர் 2

ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நிறைவேற்றிய செயலி வேலை வழிகாட்டுச் சட்டத்தை, உறுப்பு நாடுகள் தங்கள் நாட்டுச் சட்டத்தில் சேர்க்க வேண்டிய கடைசி நாள் இது. அதைப் பற்றிய செய்திகளில் 'ஓட்டுநர் தொழிலாளரா, ஒப்பந்ததாரரா' என்ற விவாதமே பெரும்பாலும் இடம்பிடிக்கிறது. அதே சட்டத்தில் அதிகம் பேசப்படாத மூன்று அம்சங்கள் இருக்கின்றன.

ஒன்று, ஒருவர் சங்கத்தில் சேரக்கூடுமா என்று தரவை வைத்து முன்கூட்டியே கணிக்கத் தடை. 1930களில் சங்கம் பேசுபவர்களைக் கண்டுபிடிக்க ஜெனரல் மோட்டார்ஸ் துப்பறியும் நிறுவனங்களுக்குப் பத்து லட்சம் டாலர் அளவுக்குக் கொட்டியது. இன்று அந்த வேலையைச் செய்ய ஒரு மென்பொருள் போதும்.

இரண்டு, ஐடியை நிரந்தரமாக நிறுத்துவது போன்ற முடிவை ஒரு மனிதர்தான் எடுக்க வேண்டும்.

மூன்று, செயலியில் வேலை செய்பவர்கள் தங்களுக்குள் தனியாக, பாதுகாப்பாகப் பேசிக்கொள்ள நிறுவனமே வழி செய்து தர வேண்டும். அந்தப் பேச்சை நிறுவனம் எட்டிப் பார்க்கக் கூடாது. ஸ்டேட்டன் தீவில் பஸ் நிறுத்தம் தானாகக் கிடைத்தது. செயலி வேலையில் அப்படி ஒரு நிறுத்தம் கிடையாது என்பதால், அதைக் கட்டித் தரும் பொறுப்பை இந்தச் சட்டம் நிறுவனத்தின் தலையில் வைக்கிறது. முதலாளி கட்டிக் கொடுத்த அறையில், அவர் கேட்க மாட்டார் என்று நம்பி யார் முதலில் வாய் திறப்பார்கள் என்பது அந்தத் தேதிக்குப் பிறகுதான் தெரியவரும்.